ஒன்றேகால் லிட்டர்

எடை அளவுத் துறையில் அவருக்கு ஒரு பெயர் உண்டு. அப்பா அம்மா வைத்ததல்ல, பெட்ரோல் பம்புக்காரர்கள் வைத்தது. ‘லிட்டர் வர்றாரு’ என்று ஒரு பம்பில் கிளம்பும் செய்தி, அவருடைய ஜீப் அடுத்த பம்புக்குப் போய்ச் சேர்வதற்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். ஐந்து லிட்டர் அளவுக் கேனைக் கைக்குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு வருவார். அளவு கொஞ்சம் குறைந்தாலும் போதும், அந்தக் குழாயைப் பூட்டி ஈய முத்திரை குத்திவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார். இதில் அவருக்குக் கொஞ்சம் கர்வம். கொஞ்சம் என்று அவர்தான் சொல்லிக்கொள்வார்.

இப்போது இந்தக் கதையை அவரே ஆபீசில் சொல்கிறார். “என்னை மாதிரி ஒரு மடையனைப் பிடிச்சு நெத்தியில முத்திரை குத்தி அனுப்பணும்யா” என்றுதான் ஆரம்பிப்பார். சொல்லச் சொல்ல எல்லோரும் சிரிப்பார்கள், அவரும் சிரிப்பார். கடைசிப் பகுதி வரும்போது மட்டும் கோப்பு ஏதாவது ஞாபகம் வந்துவிடும், எழுந்து போய்விடுவார். அந்தப் பகுதியையும் சேர்த்துத்தான் இங்கே சொல்ல வேண்டியிருக்கிறது.

மாமனார் அவர் வீட்டுக்கு வந்தது குளிர்காலத்தில். முப்பத்திரண்டு வருஷம் பஸ் ஓட்டியவர். ஆஸ்பத்திரியில் பத்து நாள் படுத்திருந்தார். இதயம் பலவீனம், ரத்தத்தை முன்போல் இறைக்க முடியவில்லை, அதனால் உடம்பில் நீர் சேர்ந்துகொள்கிறது என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். இரண்டு காலும் செருப்புக்குள் நுழையாத அளவுக்கு வீங்கிக் கிடந்தன. இதய டாக்டரம்மா ஒரு சீட்டு எழுதிக் கொடுத்திருந்தார். காலையில் நீர் பிரிய ஒரு மாத்திரை, உப்பைக் குறைக்கவும், தினமும் எடை பார்க்கவும், குடிப்பது எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு ஒன்றேகால் லிட்டர்.

மற்ற வீடுகளில் இந்த மாதிரிச் சீட்டை மாத்திரை டப்பாவுக்கு அடியில் மடித்து வைத்துவிட்டு மறந்துபோவார்கள். நம்மவர் படித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார். கல்யாணமாகிப் பதினெட்டு வருஷத்தில், தனக்குத் தெரிந்த ஒரு வேலை முதல் முறையாக வீடு தேடி வந்திருக்கிறது. “இதை என்கிட்ட விடு” என்றார் மனைவியிடம். சீட்டு தொலைந்துவிடக் கூடாது என்று ஃப்ரிட்ஜ் கதவில் கண் மட்டத்துக்குப் பசை தடவி, அதை அங்கே அழுத்தி ஒட்டினார். அழுக்குப் படாமலிருக்க அதன்மேல் கண்ணாடிக் காகிதம் வேறு.

அன்றைக்கே நிர்வாகம் ஆரம்பமானது. ஒரு பாட்டிலில் கோடு போட்டார். டீ கணக்கில் சேரும், சூப் சேரும், மாத்திரை விழுங்கும் மடக்கும் சேரும். ஐஸ்கட்டி ஒன்றை உருக்கி அளந்து பதினெட்டு மில்லி என்று எழுதிக்கொண்டார். ஆரஞ்சுப் பழத்தில் எவ்வளவு நீர் என்று தெரிந்துகொள்ள ஒன்றைப் பிழிந்து, வடிகட்டி, மறுபடியும் பிழிந்து, கடைசியில் அந்தப் பழம் யாருக்கும் உதவாமல் போனது. எல்லாவற்றுக்கும் ஒரு நோட்டு. தேதி, எடை, குடித்த அளவு, குறிப்பு என்று நான்கு கட்டம்.

மனைவி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். கணக்குக்குப் பயப்படுகிற ஆள் இல்லை. ஆனாலும் பாட்டிலைப் பார்த்ததும் அவளுக்கு என்னவோபோல் இருந்தது.

“அப்பா மனுஷங்க. பம்பு இல்ல.”

“பம்பா இருந்தா மாசத்துக்கு ஒரு தடவை பார்த்தாப் போதும். மனுஷங்கிறதாலதான் தினமும் பார்க்கிறேன்.”

தன்னுடைய இந்தப் பதிலை அவரே இரண்டு நாள் ரசித்தார்.

மாமனார் எந்த எதிர்ப்பும் காட்டவில்லை. சர்வீசில் இருந்தவரை கண்டக்டர் விசில் கொடுக்காமல் ஒரு அடி வண்டியை நகர்த்தாதவர் அவர். “ஒரு வண்டிக்கு ரெண்டு பேரு முடிவெடுக்கக் கூடாது மாப்ள. நீங்க சொல்லுங்க, நான் ஓட்டறேன்” என்றார். மருமகனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. ஆபீசில் கீழே வேலை பார்க்கிற ஒருவன்கூட அவரிடம் இப்படிச் சொன்னதில்லை.

ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும், அந்தக் குளிர்காலத்தில் இந்த நிர்வாகம் பலித்தது. அறுபத்தெட்டு கிலோ இருந்த மாமனார் ஒன்றரை மாதத்தில் அறுபத்துநாலுக்கு வந்தார். கால் வீக்கம் வடிந்து, செருப்பு போட்டு, படியிறங்கிப் பஸ் ஸ்டாப் வரை நடந்து, போகிற வருகிற டிரைவர்களுக்கெல்லாம் கை காட்டிவிட்டு வந்தார். டாக்டரம்மா நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “இதுதான் சரியான எடை, இதுலயே நிக்கணும். இந்த மாதிரி கவனிச்சுக்கற மருமகனை நான் பார்த்ததே இல்ல” என்று சொன்னார். சொன்னவர் நல்ல மனதோடுதான் சொன்னார். கேட்டவருக்குத்தான் தலை கால் புரியவில்லை. அன்று சாயங்காலமே நோட்டுக்குப் புது அட்டை போட்டார்.

பிறகு வெயில் வந்தது. வழக்கமாக வருகிற மாதத்துக்கு ஒரு மாதம் முன்னாலேயே வந்தது. முதல் வாரம் ‘என்ன வெயில்’ என்றார்கள், இரண்டாவது வாரம் பேச்சே குறைந்துவிட்டது. நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு என்று ஏறி, அங்கேயே உட்கார்ந்துகொண்டது. பெரியவர்களுக்கெல்லாம் நினைவு தெரிந்த நாளாகச் சாயங்காலமானால் கொஞ்சம் இறங்குகிற சூடு அது. இப்போது இறங்க மறுத்தது. அவர்கள் வீடு மூன்றாவது மாடி, மேலே மொட்டை மாடி. மாமனார் அறையில் மின்விசிறி, கூரைச் சூட்டையெல்லாம் வாரிக் கட்டிலின் மேல் கொட்டியது. குழாயைத் திறந்தால் மதியம் இரண்டு மணிக்கு வெந்நீர் வந்தது.

லிட்டர் தன் பங்குக்கு ஜீப்பில் நான்கு தண்ணீர் பாட்டில் வைத்துக்கொண்டார். அது போதாமல் பம்புகளில் வாங்கிக் குடித்தார். ஆனால் ஃப்ரிட்ஜ் கதவில் ஒன்றேகால் லிட்டர் என்றுதான் எழுதியிருந்தது. டாக்டர் கையெழுத்து, தேதி, ரப்பர் ஸ்டாம்ப் எல்லாம் இருந்தன. முத்திரை இருக்கிற அளவை யாரும் தொடக் கூடாது என்பதுதானே அவர் பிழைப்பே.

எடை இறங்க ஆரம்பித்தது. அறுபத்துமூன்று. அறுபத்திரண்டே கால். இவர் என்ன செய்திருக்க வேண்டும் என்று கேட்டால் எட்டாம் வகுப்புப் பிள்ளை சொல்லிவிடும். இவர் சந்தோஷப்பட்டார்! அறுபத்தெட்டு கெட்டது, அறுபத்துநாலு நல்லது, அப்படியென்றால் அறுபத்திரண்டு இன்னும் நல்லதாகத்தானே இருக்க வேண்டும்? ஒவ்வொரு எடைக்கும் பக்கத்தில் குறிப்புக் கட்டத்தில் பச்சை மையால் எழுதினார். கட்டம் நிறைய நிறைய அவருக்கே தன்மீது மரியாதை கூடியது.

“அப்பாவுக்கு எழுந்து நின்னா தலை சுத்துதாம்” என்றாள் மனைவி.

“மெதுவா எழுந்திருக்கச் சொல்லு.”

“உதடெல்லாம் வெடிச்சிருக்கு. இன்னும் ரெண்டு டம்ளர் குடுத்தா என்ன?”

“குடு. நாளைக்குக் கால் வீங்கி, மூச்சு வாங்கி, பழையபடி ஆஸ்பத்திரியில படுத்தாருன்னா? நீ பதில் சொல்லுவியா? டாக்டருக்குத் தெரியாததா உனக்குத் தெரிஞ்சிடுச்சு?”

அவள் கையிலெடுத்த டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டாள். அப்பாவுக்கு மூச்சு முட்டியதை அவள் கண்ணால் பார்த்திருக்கிறாள். அந்தப் பயத்தை இவர் எடுத்து அவள்மேலேயே பிரயோகித்தார். பிறகு நினைத்து நினைத்து வெட்கப்பட்டதில் இது ஒன்று.

ஒருநாள் மாமனார் வாய் கொப்பளிக்கப் போனவர் வெகுநேரம் வெளியே வரவில்லை. உள்ளே போய்ப் பார்த்தால், வாயில் தண்ணீரை அடக்கிக்கொண்டு கண்ணை மூடி நின்றுகொண்டிருந்தார். மருமகனைப் பார்த்ததும் பதறிப்போய் வாஷ்பேசினில் துப்பினார்.

“முழுங்கலை மாப்ள. சும்மா வெச்சிருந்தேன்.”

“சரி சரி, பரவாயில்ல” என்று பெரிய மனதுடன் சொல்லிவிட்டு வந்து, தெரியாமல் ஒரு மடக்கு உள்ளே போயிருக்கும் என்று நோட்டில் முப்பது மில்லி ஏற்றிக்கொண்டார். ஆபீசில் இந்த இடத்தைச் சொல்லும்போது சிரிப்பு ஓய ஒரு நிமிஷம் ஆகும்.

அதற்கப்புறம் மாமனார் பஸ் பார்க்க ஜன்னல் பக்கம் போவதை விட்டார். பஸ் சத்தம் கேட்டால் திரும்பிப் பார்ப்பதுமில்லை. டீச்சர் கேட்டதற்கு, “எல்லாம் ஒரே ரூட்டுதானேம்மா” என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அந்த வியாழக்கிழமை லிட்டர் ஊருக்கு வெளியே ஒரு பம்பில் இருந்தார். மணி பதினொன்றரை, நாற்பத்துமூன்று டிகிரி. அந்தப் பம்பின் சூப்பர்வைசர் வேலைக்குப் புதுசு, எதையும் கேட்டுத் தெரிந்துகொள்கிற பெண். லிட்டர் பெட்ரோலில் தெர்மாமீட்டரை விட்டு, பட்டியலைப் புரட்டி, கணக்கைத் திருத்திக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

“எதுக்கு சார் சூடு பார்க்கறீங்க? போன தடவை குறிச்ச அடர்த்தி நம்பரே இருக்கே.”

கேள்வி கேட்டால் விடுகிற ஆளா அவர்? கேனைக் கீழே வைத்தார்.

“நல்லாக் கேட்ட. போன தடவை நான் வந்தது குளிர்ல. இப்ப வெயில். சூடு ஏறினா பெட்ரோல் விரியும், அடர்த்தி குறையும். குளிர்ல எழுதின நம்பரை வெயில்ல அப்படியே வெச்சுக்கிட்டு உட்கார்ந்தா அது அளவு இல்லம்மா, ஏமாத்து வேலை. எந்த அளவா இருந்தாலும் முதல்ல கேட்க வேண்டிய கேள்வி, இது எந்தச் சூட்டுல எடுத்ததுங்கிறதுதான்.”

இதைச் சொன்ன வாய் அந்தக் காலையில் மூன்று பாட்டில் தண்ணீர் குடித்திருந்தது. சொன்ன மூளைக்கு வீடோ, ஃப்ரிட்ஜ் கதவோ, மூன்றாவது மாடியில் ஒரு கிழவர் கிடப்பதோ ஒரு நொடிகூடத் தோன்றவில்லை. அந்தப் பெண் தலையாட்டினாள். தான் நன்றாகச் சொல்லிக் கொடுத்துவிட்டதாக அவருக்குத் திருப்தி.

அப்போதுதான் போன் அடித்தது. வெயில் தாங்காமல் பள்ளிக்கூடத்தைப் பத்தரை மணிக்கே விட்டிருக்கிறார்கள். டீச்சர் வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தால், அப்பா கட்டிலுக்கும் கழிவறைக்கும் நடுவில் தரையில் கிடக்கிறார். கூப்பிட்டால் கண்ணைத் திறக்கிறார், யார் என்று தெரியவில்லை. ஆம்புலன்ஸ் வந்துவிட்டது, படியில் இறக்கிக்கொண்டிருக்கிறார்கள்.

அவர் கேட்ட முதல் கேள்வி, “பாட்டில்ல எவ்வளவு மீதி இருக்கு?”

மறுமுனையில் மனைவி போனை வைத்துவிட்டாள்.

ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவு நிரம்பி வழிந்தது. சாரத்திலிருந்து இறக்கிக் கொண்டுவந்த கட்டட வேலைக்காரர், தொப்பி ஒரு கையில் தொங்க ஒரு டிராஃபிக் போலீஸ்காரர், ஒரு வீட்டு வாசலில் மயங்கி விழுந்த பார்சல்காரர். அக்குளில் ஐஸ் வைத்து, ஈரத்துணி போர்த்தி, வரிசையாகப் படுக்கவைத்திருந்தார்கள். இவர் நோட்டைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினார். ஆமாம், நடுவில் வீட்டுக்குப் போய் அதை எடுத்துக்கொண்டுதான் வந்தார். எல்லாம் அதில் இருக்கிறது, பார்த்தால் டாக்டருக்குப் புரிந்துவிடும் என்று நம்பினார்.

டாக்டருக்குப் புரிந்துதான் போயிற்று. காலையிலிருந்து உட்காராத அதே இதய டாக்டரம்மா சுவரில் சாய்ந்துகொண்டு கடைசிப் பக்கத்தைப் படித்தார். சத்தமாகப் படித்தார்.

“அறுபத்திரண்டே கால், நல்ல முன்னேற்றம். அறுபத்தொண்ணு, மிக நல்ல முன்னேற்றம். அம்பத்தொம்பதரை, சாதனை.” நிமிர்ந்து பார்த்தார். “இதை எழுதினது யாரு?”

“நான்தான்.”

“அறுபத்துநாலுல நிக்கணும்னு சொன்னேனே.”

“குறைஞ்சா நல்லதுன்னு...”

“நீர் மாத்திரை ஒரு பக்கம் தண்ணியை வெளியே தள்ளுது. வியர்வை ஒரு பக்கம். உள்ளே போறது மட்டும் குளிர்காலக் கணக்கு. அவருக்கு ரத்தம் சுண்டிப் போயிருக்கு, கிட்னி ரெண்டும் வேலையை நிறுத்தற நிலைமையில இருக்கு. வெயில் ஆரம்பிச்சதும் வாங்க, மாத்திரையும் அளவும் மாத்தணும், எடை ரெண்டு கிலோ ஏறினாலும் இறங்கினாலும் உடனே வாங்கன்னு சீட்டுல எழுதித்தானே குடுத்தேன்?”

“சீட்டுல அப்படி எதுவும் இல்லையே டாக்டர்.” இதில் மட்டும் அவருக்குச் சந்தேகமே இல்லை. ஒரு நாளைக்கு நாலு தடவை படிக்கிற சீட்டு.

“பின்பக்கம் பார்க்கலையா?”

அவர் பார்க்கவில்லை. பின்பக்கம் முழுக்கப் பசை இருந்தது.

பக்கத்தில் நின்ற மனைவி அவரைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. “நானும் அந்தச் சீட்டைத்தான் தினமும் பார்த்தேன்” என்று மட்டும் சொல்லிவிட்டு அப்பா பக்கம் போய் நின்றுகொண்டாள்.

டாக்டரம்மாவின் குரல் கொஞ்சம் தணிந்தது. இந்த வாரத்தில் இதே மாதிரி ஆறாவது ஆள் இவர் என்றார். இதயத்துக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள், கொடுத்த மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டு, சொன்னதை ஒழுங்காகக் கேட்டவர்கள், அவர்கள்தான் வந்து விழுகிறார்களாம். “நாங்க படிச்ச காலத்து வெயில் இல்ல இது. நாங்களே இப்பத்தான் கத்துக்கறோம்” என்றார். டிரிப்ஸை வேகமாக ஏற்றினால் பலவீனமான இதயம் தாங்காது, ஏற்றாமல் விட்டால் கிட்னி போய்விடும், மெதுவாகத்தான் ஏற்ற வேண்டும். மணிக்கு முப்பது மில்லியாவது சிறுநீர் பிரிந்தால் பிழைத்துக்கொள்வார் என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

கட்டிலின் ஓரத்தில் சிறுநீர்ப் பை தொங்கியது. அதில் கோடுகள் இருந்தன. லிட்டர் அதன் முன்னால் தரையில் உட்கார்ந்தார். வாழ்நாளெல்லாம் கோடுகளைப் படித்துப் பிழைத்தவர், எத்தனையோ கண்ணாடிக் குழாய்களைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்தவர். பையின் அடியில் அடர் டீ நிறத்தில் ஒரு ஸ்பூன் கிடந்தது, முதல் கோட்டைக்கூடத் தொடவில்லை. ஒரு மணி நேரம் கழித்தும் அப்படியே இருந்தது. பையை லேசாகச் சாய்த்துப் பார்த்தார், சாய்த்தால் கோட்டைத் தொட்டது. பம்புக்காரர்கள் தன் முன்னால் செய்தால் முத்திரை குத்துகிற அதே தில்லுமுல்லு! பையை நேராக்கி வைத்துவிட்டு முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

சாயங்காலம் கோட்டைத் தொட்டது. மறுநாள் காலையில் மூன்று கோடு ஏறியிருந்தது. நர்ஸ் அளந்து எழுதிக்கொண்டு போனாள். எவ்வளவு என்று அவர் கேட்கவில்லை. ஏறினால் போதும் என்று இருந்தது. நான்காம் நாள் டாக்டரம்மா வந்து, கிட்னி கண்டத்தைத் தாண்டிவிட்டது, முழுசாகப் பழையபடி ஆகாது, ஆனால் ஓடும் என்றார். மாத்திரையைப் பாதியாகக் குறைத்தார். லிட்டர் பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

“ஒரு நாளைக்கு எவ்வளவுன்னு சொல்லுங்க டாக்டர். இந்தத் தடவை ரெண்டு பக்கமும் படிக்கிறேன்.”

“ஒரே நம்பரா இப்பச் சொல்ல முடியாது. மேல எவ்வளவு போலாம்னு ஒரு எல்லை சொல்றேன். அதுக்குள்ள அன்னிக்கு வெயில் எப்படி, எடை எவ்வளவு, நாக்கு காஞ்சிருக்கா, எழுந்தா தலை சுத்துதான்னு பார்த்துத்தான் முடிவு பண்ணணும். சந்தேகம்னா எனக்குப் போன் பண்ணுங்க. எல்லாத்துக்கும் மேல, அவரைக் கேளுங்க.”

அவரைக் கேட்பது. நான்கு மாதத்தில் மாமனாரிடம் எத்தனையோ கேட்டிருக்கிறார். மாத்திரை போட்டாச்சா, மிச்சம் வைத்தீர்களா, எடை மிஷினில் செருப்போடு ஏறினீர்களா. இந்த ஒரு கேள்வியைக் கேட்டதாக நினைவே இல்லை.

டாக்டர் போனதும் மனைவி ஒரு டம்ளரில் தண்ணீர் ஊற்றி அவர் கையில் கொடுத்தாள். “நீங்களே குடுங்க” என்றாள். கோடு இல்லாத டம்ளர். மாமனார் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கண் தெளிந்திருந்தது. மருமகனைப் பார்த்ததும் எழுந்து உட்காரப் பார்த்தார்.

“உங்களுக்குச் சிரமம் குடுத்துட்டேன் மாப்ள. இத்தனை நாளா சரியாத்தான் போயிட்டிருந்தது.”

லிட்டர் கட்டிலில் பக்கத்தில் உட்கார்ந்து, டம்ளரை அவர் கைக்கு எட்டும்படி நீட்டினார்.

“தாகமா இருக்கா மாமா?”

மாமனார் டம்ளரைப் பார்த்தார். மருமகன் முகத்தைப் பார்த்தார். மறுபடியும் டம்ளரைப் பார்த்தார். கையை நீட்டவில்லை. தப்பாகச் சொல்லிவிடக் கூடாதே என்று யோசிப்பது முகத்தில் தெரிந்தது.

“தெரியலையே மாப்ள” என்றார். “நீங்கதானே சொல்லணும்.”